முப்பட்டகத்தை வரைந்த கை: புரோகிரசிவ் ராக் உறைகளின் மறக்கப்பட்ட ஓவியர்கள்

கறுப்புத் தாளில் இடப்புறமிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வருகிறது. நடுவில் இருக்கும் முப்பட்டகத்தில் பட்டு, வலப்புறம் வண்ணப் பட்டையாக விரிந்து வெளியேறுகிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டிராதவர்களும் இந்தப் படத்தை ஒரு சட்டையிலோ சுவரொட்டியிலோ காப்பிக் கோப்பையிலோ பார்த்திருப்பார்கள். 1973 மார்ச்சில் வெளிவந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இசைத்தட்டின் உறை இது. இதை வரைந்தது யார் என்று அந்தக் காலத்து ராக் இசையை ஓரளவு அறிந்தவர்களிடம் கேட்டால், 'ஹிப்னோசிஸ்' என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரோ அதை நடத்திய ஸ்டார்ம் தோர்கர்சனின் பெயரோ விடையாக வரும். கருத்து அவர்களுடையது என்பது உண்மை. ஆனால் அந்த முக்கோணத்தையும் கோட்டையும் வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி என்ற ஓவியர். படம் உலகறிந்தது, வரைந்தவர் பெயரோ அநேகமாக யாருக்கும் தெரியாது. இந்த நிலை அவர் ஒருவருக்கு மட்டும் வாய்த்ததன்று. 1960களின் இறுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் செழித்த புரோகிரசிவ் ராக் இசையின் உறைகளை வரைந்தவர்களில் பலரின் கதை இப்படித்தான் இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் பெயர் ஏன் மங்கியது என்பதை இந்த இசைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் இசையைப் பற்றிச் சில சொற்கள். அதுவரை ராக் பாட்டு என்றால் பெரும்பாலும் மூன்று நிமிடம், வானொலிக்கு ஏற்ற அளவு. ஐரோப்பியச் செவ்வியல் இசையிலும் ஜாஸிலும் நாட்டார் இசையிலும் ஊறிய இளைஞர்கள் சிலர் அந்த அளவை மீறினார்கள். தாளக்கட்டு நடுவழியில் மாறும், ஒரே படைப்புக்குள் பல பகுதிகள் வரும், பாடல் வரிகள் காதலை விட்டுத் தொன்மக் கதைகளையும் கனவுகளையும் விசித்திரமான சிறுகதைகளையும் சொல்லும். சில படைப்புகள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பின. இதைத்தான் புரோகிரசிவ் ராக் என்றார்கள். இத்தகைய இசையை ஓடியாடிக்கொண்டே கேட்க முடியாது, உட்கார்ந்து கேட்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் மடியில் அந்த இருபது நிமிடமும் இருந்தது இசைத்தட்டின் உறை.

அந்த உறையின் அளவை நினைவில் கொள்வது அவசியம். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்பி என்னும் நெடுந்தட்டு 12 அங்குல விட்டமுடையது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்வது. அதை வைக்கும் அட்டை உறை ஏறத்தாழ 31 செ.மீ. சதுரம். அதைப் புத்தகம்போல் விரியும் இரட்டை உறையாகச் செய்தால், திறந்து பிடிக்கும்போது கைக்குள் 62 செ.மீ. அகலமுள்ள ஒரு சித்திரம் கிடைக்கும். உள்பக்கத்தில் பாடல் வரிகளை அச்சிடலாம், வரிகளுக்கு நடுவே மேலும் படங்கள் வரையலாம். பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' இந்த வாய்ப்பை எல்லாருக்கும் காட்டியது. அதன் உறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பீட்டர் பிளேக்கின் பெயர் முதலில் வருகிறது. அவருடன் சேர்ந்து அதை உருவாக்கிய, அப்போது அவர் மனைவியாக இருந்த ஜான் ஹாவர்த் என்ற பெண் ஓவியரின் பெயர் பல இடங்களில் விடுபட்டுப் போகிறது. பெயர் உதிரும் வழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓர் உறை உருவாவதில் குறைந்தது மூன்று வேலைகள் உண்டு. உறையில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிப்பது முதல் வேலை. இதைக் குழுவில் ஒருவரோ, பதிவு நிறுவனத்தின் கலை இயக்குநரோ, வடிவமைப்பு நிறுவனமோ செய்யலாம். எழுத்து, படம், மடிப்பு, அச்சு ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவது இரண்டாவது, அதாவது வடிவமைப்பு. படத்தை உண்மையில் வரைவதோ தீட்டுவதோ மூன்றாவது. சில சமயம் மூன்றையும் ஒருவரே செய்வார். பல சமயம் மூவர் செய்வார்கள். வெளியே தெரிவது பெரும்பாலும் ஒருவர் பெயர்தான், அதுவும் முதல் இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்தவருடையது.

முப்பட்டகத்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிங்க் ஃபிளாய்டின் விசைப்பலகைக் கலைஞர் ரிச்சர்ட் ரைட், இந்த முறை புகைப்படம் வேண்டாம், எளிமையான தெளிவான ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஹிப்னோசிஸ் பல கருத்துகளைக் காட்டியது, குழுவினர் தயக்கமின்றி முப்பட்டகத்தைத் தேர்ந்தார்கள். உள்ளே விரியும் நிறக்கோடு இதயத் துடிப்பின் அலையாக மாற வேண்டும் என்று குழுவின் பாஸ் கிதார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் சொன்னார். பின்னட்டையில் இன்னொரு முப்பட்டகம் வந்ததால், கடையில் உறைகளை வரிசையாக வைத்தால் ஒளி ஓர் உறையிலிருந்து அடுத்ததற்குள் பாய்ந்துகொண்டே இருக்கும். இத்தனை யோசனைகளையும் துல்லியமான கோடாக மாற்றியவர் ஹார்டி. பள்ளி இயற்பியல் பாடத்தில் நாம் படித்த ஏழு நிறங்களில் கருநீலம் இந்தப் படத்தில் இல்லை. ஆறே நிறங்கள்தான். அறிவியல் வரைபடத்தில் இது பிழை. கறுப்பு மேல் அச்சாகும் படத்திலோ, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே இன்னொரு இருண்ட பட்டை சேர்ந்தால் கண்ணுக்குப் பிரித்தறிவது கடினம். இங்கே ஆறே தெளிவாக இருக்கிறது.

ஹார்டியின் கை அதற்கும் முன்பே உலகறிந்த இன்னோர் உறையில் இருந்தது. லெட் செப்பெலின் குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வந்தபோது அவர் லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர். 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் தீப்பற்றி விழுந்த புகைப்படத்தைப் புள்ளி புள்ளியாக மைப்பேனாவால் மறுபடி வரைந்தார். அதற்குக் கிடைத்த கூலி 60 பவுண்டு. அந்த வரைவு 2020இல் நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 3,25,000 டாலருக்கு விற்றது. 1975இல் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' உறையின்மேல் ஒட்டப்பட்ட, கைகுலுக்கும் இரண்டு இயந்திரக் கைகளின் சித்திரமும் அவருடையதே. லெட் செப்பெலின் புரோகிரசிவ் குழு இல்லை என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே மனம் கோட்டை எவ்வளவு சிக்கனமாகக் கையாள்கிறது என்பது புலப்படும். குழுவின் பெயரை வைத்து உறைகளை அடுக்கும்போது இந்தத் தொடர்ச்சி நம் கண்ணில் படுவதே இல்லை.

ஹிப்னோசிஸின் புகழ் நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். 1968இல் தோர்கர்சனும் ஆப்ரி பவலும் தொடங்கிய அந்த நிறுவனம் இசைத்தட்டு உறை என்ற கலையையே மாற்றியது. அதுபோலவே, யெஸ் குழுவுக்காக 1971இன் 'ஃப்ராஜைல்' முதல் மிதக்கும் பாறைகளையும் வளைந்த நிலவெளிகளையும் தீட்டிய ரோஜர் டீனும் தம் புகழுக்கு முழுத் தகுதி உடையவர். அவர்கள் யாருடைய பெயரையும் மறைக்கவில்லை. ஆனால் மிகப் பெரிய இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டால், பெயர் தெரியாத எல்லாப் படங்களையும் அவ்விரண்டில் ஒன்றின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் கேட்பவர்களிடம் தோன்றிவிடுகிறது. கற்பனை நிலவெளி என்றால் டீன், புதிரான படம் என்றால் ஹிப்னோசிஸ். ஜெனிசிஸ் குழு 1976இல் வெளியிட்ட 'எ டிரிக் ஆஃப் தி டெயில்', 'விண்ட் அண்ட் வதரிங்' இரண்டும் ஹிப்னோசிஸ் வழியாக வந்தவை. ஆனால் இரண்டையும் வரைந்தவர் காலின் எல்ஜி. 'விண்ட் அண்ட் வதரிங்' உறையில் மங்கிய சாம்பல் வெளியில் ஒற்றை மரம் நிற்கிறது, அதன் இலைகள் உண்மையில் இலைகள் இல்லை, பறந்து கிளம்பும் பறவைகள். அந்தத் தொகுப்பின் குளிர்ந்த, விடைபெறும் தொனியை இதைவிட அமைதியாகச் சொல்லிவிட முடியாது.

ஜெனிசிஸின் தொடக்கக் காலத்துக்குச் சென்றால் பால் வைட்ஹெட்டைச் சந்திக்கலாம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நிற்க விரும்புவது அவரிடம்தான். ஓவியர் ஓர் இசைக்குழுவின் உள்ளத்துக்குள் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதற்கு அவர் வேலையே சான்று. 1945இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். டோனி ஸ்ட்ராட்டன் ஸ்மித் நடத்திய கரிஸ்மா பதிவு நிறுவனத்துக்காக ஜெனிசிஸின் மூன்று உறைகளையும், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'ஹெச் டு ஹி' (1970), 'பான் ஹார்ட்ஸ்' (1971) உறைகளையும் வரைந்தார்.

முதலாவது 1970இன் 'டிரெஸ்பாஸ்'. ஒரு சாளரத்தின் வழியே மலைகளை நோக்கி நிற்கும் இருவர், மென்மையான நீலம், பழைய கதைப் புத்தகத்தின் சாயல். படம் முடிந்துவிட்டது. அதன் பிறகு குழு 'தி நைஃப்' என்ற, பெயருக்கேற்ப வன்முறை நிறைந்த நீண்ட பாட்டைத் தொகுப்பில் சேர்த்தது. இந்த மென்மையான படம் இனிப் பொருந்தாது என்று அவர்கள் தயங்கினார்கள். வைட்ஹெட் புதிய படம் வரையவில்லை. ஒரு கத்தியை எடுத்துத் தம் ஓவியத்தையே கிழித்து, கிழிந்த துணியைக் கத்தியுடன் புகைப்படம் எடுக்கச் செய்தார். முன்னட்டையில் தொடங்கும் அமைதியை ஒரு நீண்ட கிழிசல் குறுக்கே அறுப்பதை இன்றும் காணலாம். தன் வேலையைத் தானே கிழிக்கும் துணிவு எல்லா ஓவியருக்கும் வந்துவிடாது. பாட்டுப் பட்டியல் மாறியதும் படத்தின் பொருளும் மாற வேண்டும் என்று அவர் கருதினார் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

அடுத்த ஆண்டின் 'நர்சரி கிரைம்' உறையை, பாட்டை அறியாமல் பார்த்தால் திடுக்கிடுவோம். கட்டங்களாக நீண்டு செல்லும் மஞ்சள் பச்சைப் புல்வெளி, பின்னால் விக்டோரியா காலத்து மாளிகை, முன்னால் வெண்ணிற உடையில் மரச்சுத்தியல் பிடித்த ஒரு சிறுமி, தரையில் பந்துகளுக்குப் பதிலாக மனிதத் தலைகள். இது 'தி மியூசிக்கல் பாக்ஸ்' பாட்டின் கதை. மரச்சுத்தியலால் பந்தை அடித்து ஆடும் குரோக்கே விளையாட்டின்போது, எட்டு வயது ஹென்றியின் தலையை ஒன்பது வயது சிந்தியா சுத்தியலால் அடித்துத் துண்டித்துவிடுகிறாள். பின்னர் அவனுடைய இசைப்பெட்டியைத் திறக்கையில் அவன் ஆவியாகத் திரும்பி, ஓர் ஆயுட்காலம் முழுவதையும் சில நிமிடங்களில் வாழ்ந்து முதுமையடைகிறான். குழந்தைப் பாட்டின் குரலில் சொல்லப்பட்ட கொடூரக் கதை அது. வைட்ஹெட் அந்த இரட்டைத் தன்மையைப் பிடித்தார். பழைய வீட்டுச் சுவரில் நூறாண்டு தொங்கிய படம்போல் தோன்ற வேண்டும் என்பதற்காகத் தேன் நிறமுள்ள வார்னிஷைப் பூசினார். படத்தில் தெரியும் அந்தப் பழுப்பு மஞ்சள் காலத்தால் வந்த கறையன்று, திட்டமிட்டுச் சேர்க்கப்பட்ட முதுமை.

மூன்றாவது 1972இன் 'ஃபாக்ஸ்ட்ராட்'. பனிப்பாறைத் துண்டின்மேல் சிவப்பு உடை அணிந்து, நரித்தலையுடன் ஒரு பெண் கடலில் நிற்கிறாள். கரையில் அவளைத் துரத்திவந்த குதிரை வீரர்கள் திகைத்து நிற்கிறார்கள். தொலைவில் 'நர்சரி கிரைம்' உறையின் புல்வெளி சிறிதாகத் தெரிகிறது, ஒரு நாவலாசிரியர் முந்தைய நூலின் ஊரை அடுத்த நூலில் கடந்து போவதுபோல. இதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். 1972 செப்டம்பரில் டப்ளினில் நடந்த நிகழ்ச்சியில் பாடகர் பீட்டர் கேப்ரியல், எவருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், தம் மனைவியின் சிவப்பு உடையை அணிந்து நரித்தலை முகமூடியுடன் மேடைக்கு வந்தார். ஜெனிசிஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் விசித்திர வேடங்களின் காலம் அன்று தொடங்கியது. வழக்கமாக இசை முதலில் வரும், படம் அதைப் பின்தொடரும். இங்கே படத்திலிருந்து ஓர் உருவம் இறங்கி மேடையில் ஏறிவிட்டது. அந்தக் குழுவின் மேடைக் கலையின் வரலாற்றை எழுதுபவர்கள் கேப்ரியலின் துணிச்சலைப் பல பக்கங்கள் எழுதுகிறார்கள். அது சரியே. ஆனால் அவர் அணிந்தது வைட்ஹெட் வரைந்த பெண்ணை.

இந்த மூன்று மூல ஓவியங்களும் இன்று பொதுமக்கள் காணக்கூடிய இடத்தில் இல்லை. 1983இல் கரிஸ்மா நிறுவனம் வர்ஜின் நிறுவனத்திடம் சென்றபோது அவை காப்பகத்திலிருந்து களவு போயின. நாம் காண்பவை எல்லாம் அச்சுப் பிரதிகளே. ஓவியங்கள் அருங்காட்சியகத்துக்கோ ஏலத்துக்கோ வந்திருந்தால் ஓவியரின் பெயரும் அவற்றுடன் வந்திருக்கும். மூலம் மறைந்தால் பெயரும் மறைவதற்கு ஒரு வழி திறந்துவிடுகிறது.

வைட்ஹெட்டுக்குப் பின் ஜெனிசிஸ் அணுகியவர் முற்றிலும் வேறு உலகத்தைச் சேர்ந்தவர். 1915இல் பிறந்த பெட்டி ஸ்வான்விக் லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரியில் ஓவியர் எட்வர்ட் பாடனிடம் பயின்று, பின்னர் அங்கேயே பல ஆண்டுகள் கற்பித்தவர். லண்டன் போக்குவரத்துக்குச் சுவரொட்டிகள் வரைந்தவர், சுவரோவியங்கள் தீட்டியவர், பிற்காலத்தில் ராயல் அகாடமி உறுப்பினரானவர். 1973இல் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' தொகுப்புக்கு அவருடைய 'தி டிரீம்' என்ற ஓவியத்தைக் கேட்டபோது அவருக்கு வயது 58. தோட்ட இருக்கையில் ஒருவன் உறங்குகிறான், சுற்றிலும் பொம்மைகள் போன்ற மனிதர்கள் தத்தம் போக்கில் இருக்கிறார்கள். புதிய படம் வரைய நேரமில்லை என்று அவர் சொன்னதால், இருந்த ஓவியத்திலேயே 'ஐ நோ வாட் ஐ லைக்' பாட்டுக்குப் பொருந்தும் வகையில் ஒரு புல்வெட்டும் கருவியைச் சேர்த்துக் கொடுத்தார். அந்தப் பாட்டின் நாயகன் புல் வெட்டுபவன், பெரிய வேலைகளுக்கு ஆசைப்படாதவன். அந்தத் தனிப்பாட்டு 1974இல் பிரிட்டனின் பாடல் விற்பனைப் பட்டியலில் 21ஆம் இடத்தை எட்டியது, குழுவுக்கு அதுவரை கிடைக்காத வெற்றி. ஆங்கிலக் கிராமியக் கனவுகளை வாழ்நாள் முழுவதும் தீட்டிய ஒரு மூத்த பெண்மணியின் படத்துக்கும், தம் நாடு எதை விற்றுவிட்டது என்று கேட்ட இருபதுகளில் இருந்த இளைஞர்களின் பாட்டுகளுக்கும் இவ்வளவு இயல்பாகப் பொருத்தம் அமைந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ராக் ரசிகர்களுக்கு அவர் ஒற்றை உறையின் ஓவியர். அவருடைய நீண்ட கலை வாழ்வைத் தெரிந்துகொள்ள உறையைத் தாண்டிப் போக வேண்டும்.

உறைச்சித்திரம் என்பது பாட்டு வரிகளின் வாசிப்பு என்று சொன்னால் சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். கிங் கிரிம்சன் குழு 1970 டிசம்பரில் வெளியிட்ட 'லிசர்ட்' உறையைக் கையில் எடுத்தால் அந்த ஐயம் நீங்கும். பாடலாசிரியர் பீட்டர் சின்ஃபீல்ட் கேட்டுக்கொண்டபடி ஜினி பாரிஸ் என்ற ஓவியர், இடைக்கால ஐரோப்பியத் துறவிகள் ஏடுகளின் முதலெழுத்துகளைச் சித்திரங்களால் நிரப்பிய முறையில், குழுவின் பெயரையே எழுதினார். பின்னட்டையில் 'கிங்', முன்னட்டையில் 'கிரிம்சன்'. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்குள்ளும் ஒரு காட்சி. முன்னட்டை எழுத்துகளில், தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்பும் 'லிசர்ட்' என்ற நெடும்பாட்டின் பகுதிகள் இடைக்கால ஓவியங்களாக விரிகின்றன. பின்னட்டை எழுத்துகள் முதல் பக்கத்துப் பாடல்களுக்கு உரியவை. பீட்டில்ஸ் குழுவின் பிரிவைப் பற்றிய 'ஹாப்பி ஃபேமிலி' பாட்டுக்கான எழுத்தில் அந்த நால்வரின் முகங்களையே காணலாம். வரிகள் மறைமுகமாகச் சொன்னதைப் படம் நேராகக் காட்டுகிறது. அந்தப் பாட்டு யாரைப் பற்றியது என்று விளங்காமல் தவித்த ஒருவருக்கு விடை கிடைத்த இடம் உறைதான். உரையாசிரியர் செய்யும் பணி இது.

படம் இசையைத் தேடிப் போகாமல் இசையே படத்தைத் தேடி வந்ததும் உண்டு. வில்லியம் நீல் வேறொரு குழுவின் உறைக்காகக் கிறுக்கிக்கொண்டிருந்தபோது தாளில் ஓர் ஆர்மடில்லோ, அதாவது கவசம்போல் ஓடு கொண்ட, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் விலங்கு, வந்து சேர்ந்தது. அந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. பின்னர் எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவின் இரண்டாவது தொகுப்புக்குக் கருத்துகள் கேட்கப்பட்டபோது, நீலும் உடன் பணியாற்றியவரும் அந்த விலங்குக்குப் போர் டாங்கியின் சங்கிலிச் சக்கரங்களைப் பொருத்தினார்கள். கீத் எமர்சன் அதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். பாதி விலங்கு, பாதி போர்க்கருவியான அதற்கு டார்க்கஸ் என்று பெயர் வந்தது. 1971இல் வெளிவந்த அந்தத் தொகுப்பின் முதல் பக்கம் முழுவதும், இருபது நிமிடத்துக்கும் மேல், டார்க்கஸின் பெயர் தாங்கிய படைப்பு. உள்ளே விரித்தால் எரிமலையடியில் முட்டையிலிருந்து அது பிறப்பதும், பிற விசித்திர உயிர்களுடன் போரிடுவதும், மாண்டிகோர் என்ற தேள்வால் விலங்கிடம் தோற்றுக் கடலுக்குள் செல்வதும் கட்டம் கட்டமாக வரையப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி சொற்களே இல்லாத அந்த இசைக்குக் கதை இருக்கிறது என்று நாம் அறிவது இந்தப் படங்களால். பின்னாளில் குழு தொடங்கிய பதிவு நிறுவனத்துக்கு மாண்டிகோர் என்றே பெயர் வைத்தார்கள்.

பெயர் மங்கியதற்குக் காரணங்கள் ஒன்றிரண்டல்ல. அட்டையில் ஓவியர் பெயர் அச்சிடப்பட்ட இடம் முதல் காரணம். பொதுவாக அது உள்பக்கத்தின் ஓரத்தில், ஒலிப்பதிவுப் பொறியாளர் பெயருக்கும் அச்சகத்தின் பெயருக்கும் அருகில், பொடி எழுத்தில் இருக்கும். 1980களில் குறுந்தகடு வந்தபோது 31 செ.மீ. சதுரம் 12 செ.மீ. சதுரமாகச் சுருங்கியது. பரப்பில் கணக்கிட்டால் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. 'லிசர்ட்' எழுத்துகளுக்குள் இருக்கும் முகங்களை அந்த அளவில் யாரும் தேட மாட்டார்கள், பொடி எழுத்துப் பெயரைப் படிக்கவும் மாட்டார்கள். இன்றைய கைபேசித் திரையில் உறை ஒரு தபால்தலை அளவே இருக்கிறது. அதை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும், வரைந்தவர் பெயர் பெரும்பாலும் வராது.

இன்னொரு காரணம் பணமும் உரிமையும் பற்றியது. ஓவியத்துணியை வைத்திருப்பது ஓர் உரிமை, அந்தப் படத்தைப் பிரதியெடுக்கும் உரிமை வேறு. அந்தக் காலத்தில் பல வேலைகள் வாய்ப்பேச்சிலும் ஒருமுறைக் கூலியிலும் நடந்தன. ஜெத்ரோ டல் குழுவின் 'அக்வலங்' (1971) உறையில் கந்தல் மேலங்கியுடன் முறைத்து நிற்கும் முதியவரைத் தீட்டியவர், புரூக்ளினில் பிறந்த அமெரிக்க யதார்த்த ஓவியர் பர்ட்டன் சில்வர்மேன். அவர் பெற்றது 1,500 டாலர், எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. இசைத்தட்டின் உறைக்கென்று கொடுத்த படம் பின்னாளில் சட்டைகளிலும் பிற பொருள்களிலும் ஏறியபோது அதற்கெனத் தனி ஊதியம் அவருக்கு வரவில்லை. பாடகர் இயன் ஆண்டர்சன் அந்தப் படம் தமக்குப் பிடித்ததில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஐம்பது ஆண்டுகளாக அந்தத் தொகுப்பின் முகமாக இருப்பது அதுவே. அதே குழுவின் இரண்டாவது தொகுப்பான 'ஸ்டாண்ட் அப்' (1969) உறையை மரச்செதுக்கு முறையில் உருவாக்கியவர் ஜேம்ஸ் கிராஷோ. அதைத் திறந்தால் குழுவினரின் அட்டை உருவங்கள் எழுந்து நிற்கும். குழந்தைகளின் விரிபடப் புத்தகம்போல, தலைப்பின் சொல்லை அப்படியே செய்து காட்டும் உறை அது.

மூடி புளூஸ் குழுவின் ஓவியர் ஃபில் டிராவர்ஸ் வேறு வகையில் மறக்கப்பட்டவர். 1968இன் 'இன் சர்ச் ஆஃப் தி லாஸ்ட் கார்ட்' முதல் 1972இன் 'செவன்த் சோஜர்ன்' வரை அடுத்தடுத்து ஆறு தொகுப்புகளுக்கு அவர் வரைந்தார். ஒரு குழுவும் ஓர் ஓவியரும் இவ்வளவு நீண்ட காலம் இடைவிடாமல் சேர்ந்திருந்தது, டீனும் யெஸ்ஸும் இணைவதற்கு முன்பே தொடங்கிய செய்தி. ஆனால் குழுவும் ஓவியரும் இணைந்து ஓர் உலகத்தைப் படைத்ததற்கு எடுத்துக்காட்டு கேட்டால் எல்லாரும் சொல்வது டீனைத்தான். டிராவர்ஸின் ஆறு உறைகளையும் வரிசையாக விரித்து வைத்துப் பாருங்கள் என்று புதியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வேன்.

எல்லாரிலும் குறைவாகத் தெரிந்த வாழ்க்கை பாரி காட்பருடையது. எல்லா உறைகளிலும் அதிகம் நினைவில் நிற்பது அவர் தீட்டியதாக இருக்கலாம். கிங் கிரிம்சன் குழுவின் முதல் தொகுப்பு 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' 1969 அக்டோபர் 10 அன்று வெளிவந்தது. முன்னட்டையில் குழுவின் பெயர் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. சிவப்பும் ஊதாவுமாக, உறையின் விளிம்பு வரை நிரம்பி, வாயைப் பிளந்து அலறும் ஒரு முகம் மட்டுமே. கண்கள் பக்கவாட்டில் எதையோ கண்டு மிரண்டிருக்கின்றன. இரட்டை உறையை விரித்தால் முகத்தின் காதும் கன்னமும் பின்னட்டை வரை நீள்கின்றன. முதல் பாட்டான '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்' தொடங்கும் கரகரத்த பேரொலியைக் கேட்டவர்களுக்கு அந்த முகம் எதற்காக அலறுகிறது என்று விளக்க வேண்டியதில்லை. உள்ளே வேறொரு முகம், சந்திரனைப் போல் உருண்டு, கைகளை விரித்துப் புன்னகைக்கும் கிரிம்சன் அரசன். அந்தப் புன்னகை வாயை விரலால் மூடிவிட்டுக் கண்களை மட்டும் பார்த்தால் அவற்றில் ஆழ்ந்த துயரம் தெரிகிறது என்று குழுவின் கிதார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் ஒருமுறை சுட்டிக்காட்டினார். உறையைக் கையில் வைத்திருப்பவர் எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

காட்பர் தொழில்முறை உறை ஓவியர் அல்லர். கணினி நிரல் எழுதும் பணியில் இருந்தவர், சின்ஃபீல்டின் நண்பர். இந்த ஒன்றைத் தவிர வேறு எந்த இசைத்தட்டுக்கும் அவர் வரையவில்லை. தொகுப்பு வெளியாகி நான்கு மாதங்களில், 1970 பிப்ரவரியில், மாரடைப்பால் இறந்துபோனார். அவருக்கு வயது 24. தம் படம் எத்தனை நாடுகளுக்குச் சென்றது என்பதை அவர் பார்க்கவில்லை. மூல ஓவியம் பல ஆண்டுகள் குழுவின் மேலாண்மை அலுவலகத்தில், கடும் வெளிச்சம் படும் இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. நிறம் வெளுத்துவிடும் என்று அஞ்சிய ஃபிரிப் ஒரு நாள் அதைச் சுவரிலிருந்து கழற்றித் தம்மோடு எடுத்துச் சென்றார்.